நிலத்தை அடகு வைக்காதீர்கள், உலோகவியலைப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயா, மகளை நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியலில் சேர்க்க ஒன்றரை ஏக்கரை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் வைக்கக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். அதை உதறிவிட்டு, மைத்துனர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறார் என்பதற்காகக் கடன்படுவதா?

அவளுக்கு நாட்டம் வேதியியலில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நர்சிங், பி.எட். பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆளுண்டு. நான் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் படிப்பான உலோகவியலைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ வேதியியலில் அவள் படித்த நுரை மிதப்பு முறை வெறும் ஐந்து மதிப்பெண் கேள்வி அல்ல. சிலி, பெரு நாடுகளின் பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒரு டன் பாறைக்குச் செம்பே சில கிலோதான் தேறும். கூடவே மாலிப்டினம் என்ற உலோகம் சில நூறு கிராம், பல இடங்களில் அதற்கும் குறைவு. பாறையை மாவாக அரைத்து, இரண்டின் சல்பைடுகளையும், அதாவது கந்தகம் சேர்ந்த தாதுக்களையும், முதலில் ஒன்றாக நுரையில் எழுப்புகிறார்கள். பிறகு சோடியம் ஹைட்ரோசல்பைடு சேர்த்தால் செம்புத் தாது நுரையில் ஒட்டாமல் கீழே தங்கிவிடும். மாலிப்டினத்தின் தாதுவான மாலிப்டினைட் இயல்பிலேயே தண்ணீரை ஒட்டவிடாது; அது மட்டும் மிதந்து வரும். வெட்டிய செலவும் அரைத்த செலவும் பெரும்பாலும் செம்பின் கணக்கில் போய்விடுகின்றன. மாலிப்டினத்துக்கோ கிலோவுக்குச் செம்பைவிடச் சில மடங்கு விலை! மாலிப்டினைட்டை வறுக்கும் உலையின் புகையிலிருந்து ரீனியம் என்ற அரிய உலோகத்தைக்கூடப் பிடிக்கிறார்கள். ஜெட் என்ஜின் உலோகக் கலவைக்கு அது வேண்டும். எவ்வளவு நைசாக அரைப்பது, எந்த மருந்தை எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பவர்தான் இந்தத் துறைப் பொறியாளர்.

உப்பு அரிப்பைத் தாங்கும் 316 வகை எவர்சில்வரில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. இந்தியா மாலிப்டினத்துக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது.

"பெண்பிள்ளைக்குச் சுரங்கமா?" என்கிறாராம் மைத்துனர். தாதுவை அரைத்துப் பிரிக்கும் இந்த ஆலை நிலத்துக்கு மேலே இருக்கிறது. நிலத்தடி வேலைக்கும் 2019இல் பெண்களுக்கு அனுமதி வந்துவிட்டது. ஆனால் ஒன்று: வேலை வேலூரில் காத்திருக்காது. மத்தியப் பிரதேசத்தில் செம்புச் சுரங்கம் இருக்கும் மலஞ்ச்கண்ட் போன்ற இடங்களுக்குப் போக அவள் சம்மதிக்க வேண்டும். அதை அவளிடமே கேளுங்கள்.

சரி என்றால், கலந்தாய்வில் சேலம் அரசு பொறியியல் கல்லூரியின் உலோகவியலை முதலில் போடட்டும். தரகருக்கு முன்பணம் தர வேண்டாம். மைத்துனரின் கைபேசி எண்ணை அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.