பர்னுலுலுவுக்கு அந்த வாடகை எஸ்யூவி வேண்டாம்

ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா ஊரில் சாதாரண டூவீல் டிரைவ் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்) எஸ்யூவி எடுத்து, குழந்தைகளோடு ஒரே நாளில் பர்னுலுலு தேசியப் பூங்காவிலுள்ள பங்கிள் பங்கிள் மலைகளைப் பார்த்துத் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க.

நெடுஞ்சாலையில் சுமார் 250 கி.மீ. தார் ரோடுதான், பிரச்சினை இல்லை. அதிலிருந்து பிரியும் ஸ்பிரிங் கிரீக் பாதைதான் சோதனை. 53 கி.மீ.தான், ஆனால் இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். வழியில் ஓடைகளில் இறங்கி ஏற வேண்டும். உயரமான ஃபோர்வீல் டிரைவ் இல்லாமல் போகவே கூடாது. உங்கள் வண்டியின் காப்பீடு மண் பாதையில் செல்லாமல் போகலாம், ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

உள்ளே போனாலும் வடக்கில் எக்கிட்னா சாஸம் என்ற குறுகிய பாறைப் பிளவு, தெற்கில் கதீட்ரல் கார்ஜ் என்ற பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம். எக்கிட்னாவில் உச்சி வெயில் நேரத்தில்தான் பாறைச் சுவர்கள் செக்கச் செவேலென்று எரியும், அதைத் தவறவிட்டால் போனதே வீண் (என் கருத்து!). ஆகவே குறைந்தது இரண்டு இரவு. குர்ராஜாங், வலார்டி முகாம்களில் முன்பதிவு செய்துவிடுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல், டீசல் கிடையாது; வழியில் நெடுஞ்சாலையோரம் உள்ள வார்முன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவு ஒதுக்க முடியாதென்றால், குனுனுராவிலிருந்து சிறிய விமானத்தில் ஏறிவிடுங்கள். செலவு கூடத்தான், ஆனால் அந்தக் கோடு போட்ட தேன்கூட்டுக் குன்றுகள் மேலிருந்துதான் முழுசாகத் தெரியும். சாயங்காலம் மட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், மாடுகள் குறுக்கே வரும்.