அறிவுசார் குறைபாடுள்ள 11 வயது மகள். வயதுக்கு வருமுன் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

வேண்டாம். "சுத்தம் பார்க்கத் தெரியாதே, யாராவது கெடுத்துவிட்டால்?" என்று இரண்டு பயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவது பழக்கத்தில் தீரும். இரண்டாவதை ஆபரேஷன் தீர்க்காது.

ரத்தம் வரும்வரை காத்திருக்காமல், இப்போதே வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் பேடு வைத்துப் பழக்குங்கள். பல பிள்ளைகள் பேடைப் பிய்த்து எறிவது அந்தப் புது உறுத்தலால்தான். பேடு உட்காரும் இடத்தை ஜட்டியின் உள்பக்கம் கலர் நூலால் தைத்துக் காட்டுங்கள். தனியாக ஒரு பேடில் பீட்ரூட் சாறு நாலு சொட்டு விட்டு, எப்படி இருந்தால் மாற்றணும் என்று காட்டலாம்.

பேடு மாற்றும் படிகளைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். எல்லாவற்றையும் நீங்கள் செய்து, பேப்பரில் சுற்றியதைத் தொட்டியில் போடுவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைவந்ததும் சுற்றுவது, பிறகு உரிப்பது. "நனைந்தால் மாற்று" என்பது பிடிபடாது. எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், பள்ளி விட்டு வந்ததும், படுக்கும் முன் என்று நேரம் வையுங்கள். டீச்சரும் வீட்டில் சொல்லும் அதே வார்த்தையைச் சொல்லணும். இதில் பிசகினால் பழக்கம் கலைந்துவிடும்.

வயதுக்கு வந்தபின், கையைக் கடிப்பது, தலையை முட்டுவது, வலிப்பு எல்லாவற்றையும் தேதியோடு காலண்டரில் குறியுங்கள். கடிப்பதும் முட்டுவதும் மாதவிடாயை ஒட்டியே வந்தால் அது வலியாக இருக்கலாம். மூன்று மாதக் குறிப்போடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ரத்தப்போக்கு அதிகமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி உண்டு. ஆனால் எடை கூடும், எலும்பு அடர்த்தி குறையும். நடக்காத பிள்ளைக்கு யோசித்துத்தான் போடணும். வலிப்புக்கு ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் சாப்பிடுபவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையின் பலன் குறையும். வலிப்பு மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ஹார்மோன் சுரக்கும் சினைப்பை வேலை செய்துகொண்டே இருக்கும். மாதாமாத மன எரிச்சல் போகாது.

கர்ப்பப்பை இல்லாவிட்டால் கர்ப்பம் வராது. தப்பாகத் தொடும் கை நிற்காது. வெளியே தெரியாது என்ற தைரியம் தொடுகிறவனுக்குத்தான் கூடும். பாத்ரூமில் உதவ இரண்டே பேர், உறுப்புகளுக்குச் சரியான பெயர், "வேண்டாம்" சொன்னால் வீட்டிலும் நிறுத்துவது: காப்பு இதுதான். சொன்னதையெல்லாம் கேட்கும் பிள்ளை என்று மெச்சாதீர்கள்.

1994-ல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைக் காரணம் சொல்லியே புனேயில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, அவளே விவரம் புரிந்து சம்மதிக்காமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. மருத்துவர் உங்கள் கையெழுத்தை மட்டும் கேட்டால், அவளிடம் எப்படி விளக்கினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.