துவாஸில் வேலை, தேக்காவில் அறை: சரிப்பட்டு வருமா?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் புதுக்கோட்டை. லிட்டில் இந்தியாவில் நண்பர்கள் இருப்பதால் அங்கேயே அறை எடுக்கலாம் என்று இருக்கிறேன். தினமும் போய்வர முடியுமா? சேர்ந்த புதிதில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

முடியும். ஆனால் அங்கே அறை எடுக்காதீர்கள். லிட்டில் இந்தியாவைத்தான் இங்கே நம்மவர்கள் தேக்கா என்பார்கள். துவாஸில் வேலை செய்கிற ஆள் தேக்காவில் குடியிருப்பது, சம்பளத்தோடு தூக்கத்தையும் சேர்த்து வேலைக்குக் கொடுப்பது மாதிரி.

ஊரிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் சின்ன நாடுதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர், இதென்ன பெரிய தூரம் என்று உங்களுக்குத் தோன்றும். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். எத்தனை இடத்தில் இறங்கி ஏறுகிறோம், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நடக்கிறோம், கடைசியில் நிலையத்திலிருந்து கம்பெனி வாசலுக்கு எப்படிப் போகிறோம் என்பதுதான் கணக்கு.

தேக்காவிலிருந்து போகும் வழியைச் சொல்கிறேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வடக்கு கிழக்குப் பாதையில் ஏறி, நாலாவது நிலையமான ஊட்ரம் பார்க்கில் இறங்க வேண்டும். அங்கே பச்சை நிறக் கிழக்கு மேற்குப் பாதைக்கு மாற வேண்டும். மாறுவது என்றால் எதிர்ப் பக்கம் நடந்து ஏறுவது இல்லை. மின்படி, நடைவழி, மறுபடி மின்படி என்று கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டும். அப்புறம் தியோங் பாருவில் தொடங்கி ஜூரோங் ஈஸ்ட், பூன் லே, ஜூ கூன் எல்லாம் தாண்டி மேற்குக் கோடியான துவாஸ் லிங்க் வரை பதினேழு நிலையங்கள். ரயிலில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அங்கிருந்து கம்பெனிக்கு இன்னொரு பஸ். காலை எட்டு மணி ஷிஃப்ட் என்றால் ஆறேகாலுக்கு வீட்டுக் கதவைச் சாத்த வேண்டும். ஓவர்டைம், அதாவது இங்கே எல்லோரும் சொல்கிற ‘ஓடி’, முடித்து இரவு எட்டுக்கு வெளியே வந்தால், அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகும்.

காசு இதில் பிரச்சினையே இல்லை. கட்டணம் தூரத்தை வைத்துத்தான், அவ்வளவு தூரத்துக்கும் ஒரு வழிக்கு மூன்று வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கும் 45 நிமிடத்துக்குள் மாறினால் மொத்தத்தையும் ஒரே பயணமாகக் கணக்கிடுவார்கள். வார நாளில் காலை 7.45க்கு முன்னால் ரயில் நிலையத்துக்குள் பயண அட்டையைத் தட்டிவிட்டால் 50 காசு வரை தள்ளுபடியும் உண்டு. துவாஸ்காரர்களுக்கு இது கேட்காமலே கிடைக்கும், ஏனென்றால் 7.45க்கு வீட்டில் இருக்கிற துவாஸ்காரரை நான் பார்த்ததில்லை. போவது நேரம்தான். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தைத் தண்டவாளத்தில் விடுகிறீர்கள்.

அதனால் பூன் லே, பயனியர், லேக்சைடு, இந்த மூன்று நிலையங்களைச் சுற்றி அறை தேடுங்கள். பூன் லேயிலிருந்து துவாஸ் லிங்க் ஆறு நிலையம்தான், எங்கும் மாற வேண்டாம், இருபது நிமிட வாக்கில் போய்விடலாம். காலையில் நகரத்துப் பக்கம் போகிற ரயிலில்தான் நெரிசல் அதிகம், நீங்கள் போவது அதற்கு எதிர்த் திசை. ரயில் வந்ததும் அது எதுவரை போகிறது என்று நடைமேடைப் பலகையில் பார்த்துவிட்டு ஏறுங்கள். சில ரயில்கள் ஜூ கூனோடு திரும்பிவிடும். 2017 ஜூனில் துவாஸ் நீட்டிப்பு திறப்பதற்கு முன்னால் எல்லா ரயிலுக்கும் ஜூ கூன்தான் கடைசி, மிச்ச தூரம் பஸ்தான். இப்போது அந்த நாலு நிலையத்தையும் மேம்பாலத்தில் கடக்கலாம். ஓரிடத்தில் பாலம் இரண்டு அடுக்கு: மேலே ரயில், கீழே கன்டெய்னர் லாரிகள்.

ரயிலை விடவும் நல்லது கம்பெனி பஸ். துவாஸில் நிறைய நிறுவனங்கள் பூன் லே, ஜூரோங் ஈஸ்ட் மாதிரி இடங்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகும். ஆறரை மணிக்குப் பூன் லே பக்கம் வந்து பாருங்கள், புரியும். இன்னும் சரியாக விடிந்திருக்காது. சாலையோரக் கட்டையில் வரிசையாக ஆட்கள், எல்லோர் காலிலும் சேஃப்டி ஷூ, மடியில் சிவப்பு பிளாஸ்டிக் பையில் கட்டின கேட்டரிங் சாப்பாடு. ஒருவன் ஊரில் இருக்கும் குழந்தையை வீடியோவில் எழுப்பிக்கொண்டிருப்பான், பக்கத்தில் இருப்பவன் அந்தச் சத்தத்திலேயே தூங்குவான். பஸ் வந்தால் ஒரு நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். ஆள் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

வேலைக்கு எடுக்கிறவர்களிடம் இப்போதே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். பிக்கப் எங்கே, எத்தனை மணிக்கு, ஓடி செய்கிற நாளில் திரும்ப பஸ் உண்டா. மூன்றாவதைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். ஐந்தரைக்குப் புறப்படும் பஸ்ஸை மட்டும் காட்டி “டிரான்ஸ்போர்ட் இருக்கு” என்று சொல்கிற இடங்கள் உண்டு. எட்டு மணிக்கு முடிக்கிற ஆள் பொதுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க வேண்டியதுதான், துவாஸில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தூரம் அதிகம். இரவு ஷிஃப்டும் உண்டா என்று கேளுங்கள். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், காலை ஐந்தரை வாக்கில்தான் மறுபடி தொடங்கும். இடையில் டாக்சி எடுத்தால், பன்னிரண்டிலிருந்து ஆறு வரை மீட்டரில் ஓடுவதற்கு மேல் பாதி கூடுதல்.

பொதுப் பேருந்தைப் பற்றி இரண்டு சொல் மட்டும். கை காட்டாவிட்டால் பஸ் நிற்காது. நிறுத்தத்தில் நிற்கிறோமே என்று சும்மா இருந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும், மறந்தால் அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை போகிற காசை எடுத்துக்கொள்ளும். அட்டை தனியாக வாங்க வேண்டும் என்றும் இல்லை, இங்கே வங்கிக் கணக்கு திறந்ததும் அந்த வங்கி அட்டையையே தட்டலாம். ரயிலில் சாப்பிட்டாலோ தண்ணீர் குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம். தண்ணீருக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், தண்ணீருக்கும்தான்.

ரயில் நின்றுபோகிற நாளும் உண்டு. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி ஒரு பழைய ரயிலின் அச்சுப் பகுதி கழன்று தண்டவாளம் சேதமாகி, ஜூரோங் ஈஸ்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் நடுவே ஆறு நாள் ரயிலே ஓடவில்லை. அந்த வாரம் நகரப் பக்கமிருந்து துவாஸுக்கு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? பூன் லேயில் இருந்தவர்களுக்கு அது வெறும் செய்தி. பக்கத்தில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு லாபம். சின்னத் தாமதம் என்றால் ரயில் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதற்குச் சான்று கிடைக்கும், சூப்பர்வைசரிடம் காட்டலாம். அவர் முகம் மாறுமா என்பது வேறு விஷயம்.

அறை எடுக்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டின அரசாங்க அடுக்குமாடி வீட்டில் அறை என்றால், வீட்டுக்காரர் உங்கள் பெயரை வீவகவில் குடியிருப்பவராகப் பதிய வேண்டும். “பதிவெல்லாம் எதுக்கு தம்பி, வாடகையைக் குறைச்சுக்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். உங்கள் முகவரியை நிறுவனம் மனிதவள அமைச்சில் பதிய வேண்டியிருக்கிறது, அங்கே இடிக்கும். குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் போட வேண்டும் என்பது விதி. அதனால் முதல் மாதத்துக்கு நிறுவனமே தங்க இடம் தருமா என்று கேளுங்கள். தந்தால் வந்து, கம்பெனி வாசலையும் பஸ் நேரத்தையும் பார்த்துவிட்டு அறை தேடலாம். சமைக்க விடுவார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். “லைட் குக்கிங்” என்றால் மேகி வரைக்கும்தான், மீன் குழம்பு அதில் வராது.

சேர்ந்த புதிதில் காகித வேலை பெரிதாக இல்லை, நிறுவனமே பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது சம்பளக் கணக்கை. ஐபிஏ என்கிற வேலை அனுமதி முன் ஒப்புதல் கடிதத்தில் இருக்கிற சம்பளமும் ஒப்பந்தத்தில் இருப்பதும் ஒன்றா என்று விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே பாருங்கள். எஸ் பாஸுக்கான தீர்வையை, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு அரசாங்கத்துக்குக் கட்டும் மாதக் கட்டணத்தை, கட்ட வேண்டியது நிறுவனம். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை நிபந்தனைகளைச் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் போட வேண்டும், சம்பளச் சீட்டும் தர வேண்டும். கைவேலை செய்கிற தொழிலாளியாக, அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருந்தால், ஓடிக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 72 மணி நேரம் உச்சவரம்பு. வருமான வரியை இங்கே மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், அடுத்த வருடம் மொத்தமாகக் கேட்பார்கள். கையில் வந்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடாமல் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வேலையிடத்தில் முதல் நாள் சேஃப்டி வகுப்பு நடக்கும். டெக்னீஷியன் என்பதால் மெஷினைப் பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டு உங்கள் பெயர்ச் சீட்டைத் தொங்கவிடும் முறையைச் சொல்லித் தருவார்கள். அதை மட்டும் தூங்காமல் கேளுங்கள், விரல் போவது பெரும்பாலும் அங்கேதான். இன்னொன்று, நம் ஊர்த் தலையாட்டல். சூப்பர்வைசர் சீனராக இருந்தால், நீங்கள் பக்கவாட்டில் ஆட்டுகிற தலை சரி என்கிறதா இல்லை என்கிறதா என்று அவருக்குப் பிடிபடாது. “புரிஞ்சுதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்கள் மறுபடியும் ஆட்டுவீர்கள். அவர் மறுபடியும் கேட்பார். வாய் திறந்து “கேன்” என்றோ “கேனாட்” என்றோ சொல்லிவிடுங்கள், முடிந்தது. புரியவில்லை என்றால் “நாட் ஷூர், ஷோ மீ ஒன் டைம்” போதும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. புரிந்த மாதிரி நடித்தவனைத்தான் திட்டுவார்கள்.

நண்பர்களை விட்டுவிட்டு மேற்கே தனியாக எப்படி இருப்பது என்று யோசிப்பீர்கள். பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கம் நம்மவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஜூரோங் ஈஸ்டில் அருள்மிகு முருகன் கோயில் இருக்கிறது. தேக்கா எங்கேயும் ஓடிப் போகாது. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக ரயிலேறி, வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, முஸ்தபாவில் சாமான் வாங்கிக்கொண்டு, நண்பர்களோடு சாப்பிட்டுத் திரும்பலாம். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் அந்த ஒரு மணி நேரம் சுகமான பயணம்தான்.

மேலே சொன்ன எல்லாம் கம்பெனி துவாஸ் லிங்க், துவாஸ் கிரசென்ட் மாதிரி நிலையங்களுக்குப் பக்கத்தில் இருந்தால்தான். முகவரியில் துவாஸ் சவுத் என்று இருந்தால் அங்கே ரயிலே கிடையாது, கம்பெனி பஸ் புறப்படும் இடத்தை வைத்துத்தான் அறையே தேட வேண்டும். ஐபிஏவில் கம்பெனி முகவரி இருக்கும், ஆனால் அது அலுவலகமாகவும் இருக்கலாம். வேலை செய்யப் போகிற இடத்தின் சாலைப் பெயரைக் கேட்டு வாங்கிக் கருத்தில் எழுதுங்கள், எந்த நிலையத்துப் பக்கம் தேடலாம் என்று சொல்கிறேன்.