ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த இரத்தம்: சிஸ்டர் அக்கா பதில்கள்

கொழும்பில் பெண்நோய் வார்டுகளில் நீண்ட காலம் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகியரின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அன்புள்ள சிஸ்டர் அக்கா, எனக்கு வயது 59. மாதச் சுகவீனம் 52 வயதிலேயே நின்றுவிட்டது. போன மாதம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்து உடுப்பு மாற்றும்போது உள்பாவாடையில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை. உடம்புச் சூடாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்று கிழமை கழித்து மறுபடியும் வந்தது, இந்த முறை மண்ணிறத்தில். பக்கத்து டிஸ்பென்சரியில் சொன்னேன். பரிசோதிக்கவில்லை, மூன்று நாளைக்கு மாத்திரை தந்தார்கள், நின்றுவிட்டது. வயிற்றில் ஸ்கான் எடுத்தோம், நோர்மல் என்று எழுதியிருக்கிறது. 45 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் செய்த பாப் டெஸ்டும் பிழையில்லை. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு, உடம்பும் கொஞ்சம் பருமன். கணவர் இல்லை. மகனோடு இருக்கிறேன், அவனிடம் இதை எப்படிச் சொல்வது? மகள் டொரன்டோவில். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. நின்றுவிட்டதுதானே, நவராத்திரி முடியட்டும் என்று இருக்கலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இருக்கக் கூடாது தங்கச்சி. இந்தக் கிழமையே போங்கள். கொலு வைக்கிறவர்கள் வைக்கட்டும், சுண்டலை மருமகள் அவிக்கட்டும்.

ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்துவிட்டுப் பிறகு வருகிற இரத்தம் மாதவிடாய் அல்ல. சொட்டாக இருந்தாலும், ரோஸாக இருந்தாலும், மண்ணிறமாக இருந்தாலும் காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை தந்து அனுப்பியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாத்திரை இரத்தத்தை நிறுத்தியிருக்கலாம், தானாகவும் நின்றிருக்கலாம். எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் இப்படி இரத்தம் படுகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. ஹோர்மோன் குறைந்து யோனியின் தோலும் கர்ப்பப்பையின் உள்சவ்வும் மெலிந்து போவதுதான் அடிக்கடி காண்கிற காரணம். அடுத்தது பொலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி. ஆனால் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு முதல் அடையாளமே இந்த இரத்தம்தான். கர்ப்பப்பையைத் தாண்டுவதற்கு முன் பிடித்தால் அநேகமாகக் குணமாக்கிவிடலாம். வார்டில் நான் மனம் நொந்து பார்த்தவர்கள் எல்லாம், ஒரு வருடம் துணி வைத்துச் சமாளித்துவிட்டு வந்த அம்மாமார்தான். அவர்களில் ஒருவராக நீங்கள் ஆகக்கூடாது. சீனி வருத்தமும் பருமனும் இந்த ஆபத்தைக் கூட்டுகிற விஷயங்கள். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பு ஈஸ்ட்ரஜன் என்கிற ஹோர்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அது உள்சவ்வைத் தடிக்க வைக்கும்.

பாப் டெஸ்டை நம்பி இருக்க வேண்டாம். அது கர்ப்பப்பை வாயைப் பார்க்கிற சோதனை, உள்ளே இருக்கிற சவ்வுக்கு அது பதில் சொல்லாது. அதுவும் 14 வருடத்துக்கு முந்தியது. வயிற்றுக்கு மேலால் எடுத்த ஸ்கானும் போதாது. உங்களுக்குத் தேவை யோனி வழியாக எடுக்கிற ஸ்கான். அந்த ரிப்போர்ட்டில் உள்சவ்வின் தடிப்பு மில்லிமீற்றரில் இருக்கும். 4 அல்லது அதற்குக் குறைவென்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. கூட இருந்தால் சவ்விலிருந்து சிறிது எடுத்துச் சோதிப்பார்கள், அதுதான் பயொப்ஸி. தடிப்பு குறைவாக இருந்தும் இரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், அப்போதும் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு தரம் வந்திருக்கிறது. அதனால் “ஸ்கான் நல்லம், வீட்டுக்குப் போங்கள்” என்று சொன்னால், “இரண்டு தரம் வந்தது டொக்டர், பயொப்ஸி தேவையில்லையா?” என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எங்கே போவது? பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இருக்கிறது. 1879 முதல் கொழும்புப் பெண்களைப் பார்த்து வருகிற டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் காசு இல்லை. கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு விடியப் போங்கள். காத்திருக்க முடியாது என்றால் வி.ஓ.ஜி. என்கிற பெண்நோய் நிபுணர் ஒருவரைத் தனியாரில் சேனல் பண்ணி, அவர் தருகிற கடிதத்தோடு அரச கிளினிக்குக்குப் போகிறவர்களும் நிறையப் பேர். ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக மாதச் சுகவீனம் வந்த வருடம், இரத்தம் பட்ட திகதிகள், நிறம், குடிக்கிற எல்லா மாத்திரையும், அஸ்பிரின் உட்பட. டிஸ்பென்சரி மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் வெறும் கார்டையே கொண்டு போங்கள். குடும்பத்தில் யாருக்காவது கர்ப்பப்பை, குடல், மார்புப் புற்றுநோய் இருந்தால் அதுவும் எழுத வேண்டும். சிங்களம் சரளமாக வராவிட்டால் கதைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். சிறுநீர்ச் சோதனையும் கேளுங்கள். இரத்தம் சில நேரம் சிறுநீர்ப்பையிலிருந்தோ மூலத்திலிருந்தோ வரும், கறையைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பயம். இந்த ஸ்கானுக்குத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, சலம் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். கருவிக்கு உறை போட்டு ஜெல் பூசியிருக்கும். பல வருடமாகத் தாம்பத்தியம் இல்லாதவர்களுக்குத் தோல் காய்ந்து நோகலாம். உள்ளே பார்க்க யோனியை விரித்துப் பிடிக்கிற கருவிக்கு ஸ்பெகுலம் என்று பெயர். “சின்ன ஸ்பெகுலம் போடுங்கள், மெதுவாகச் செய்யுங்கள்” என்று முன்னரே சொல்லுங்கள். பெண் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். தாங்காவிட்டால் நிறுத்தச் சொல்லலாம்.

பயொப்ஸிக்கு ஈர்க்கு மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்கும்போது அந்தக் காலத்து மாதவிடாய் வலி போல ஒரு பிடிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு முன் பனடோல் எடுக்கலாமா என்று கேட்டு எடுங்கள். எடுத்த துண்டை ஃபோர்மலின் போத்தலில் போடுவார்கள். மேசையை விட்டு இறங்குவதற்கு முன் போத்தலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கர்ப்பப்பை வாய் இறுகி குழாய் போகாவிட்டால், மயக்கம் கொடுத்துக் கமெரா விட்டுப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் “போதிய திசு இல்லை” என்று வந்தால் அது நோர்மல் என்று அர்த்தமாகாது. அதோடு திரும்பி டொக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பப்பையை எடுப்பது எல்லோருக்கும் இல்லை. சவ்வு மெலிந்ததென்றால் பூசுகிற மருந்து. பொலிப் என்றால் அதை மட்டும் எடுப்பார்கள். சவ்வு தடித்திருந்தால், அணுக்களில் பிழை இல்லாதபோது ஹோர்மோன் மருந்து போதும். எடுக்க வேண்டி வந்தால் ஏன் என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

மகனிடம் நீட்டி முழக்க வேண்டாம். “தம்பி, அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஒரு டெஸ்ட் இருக்கு, கூட வா.” அவ்வளவுதான். பிள்ளைகள் நாம் நினைக்கிறதைவிட நல்லவர்கள். அதற்குள் மணிக்கு ஒரு பேட் நனைகிற மாதிரி ஓடினாலோ தலை சுற்றினாலோ கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு டமொக்சிஃபென் குடிக்கிறார். இரத்தம் என்று சொல்ல முடியாது, தண்ணீராக, இளஞ்சிவப்பாகப் படுகிறது. அடுத்த கிளினிக் இரண்டு மாதத்தில். அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கவா?
— மகள், தெஹிவளை

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் மகள். ஆனால் இரண்டு மாதமும் காத்திருக்காதீர்கள். தண்ணீரோடு கலந்து வருவதும் இரத்தம்தான். டமொக்சிஃபென் மார்பைக் காப்பாற்றும்போதே கர்ப்பப்பைச் சவ்வைத் தடிக்க வைக்கும், புற்றுநோய் வாய்ப்பையும் சற்றுக் கூட்டும். அதைக் குடிக்கிறவர்களுக்கு ஸ்கானில் வருகிற தடிப்பு ஏமாற்றும், அதனால் மற்றவர்களுக்கு உதவுகிற அந்த 4 மில்லிமீற்றர் கணக்கு அம்மாவுக்கு உதவாது. கமெரா விட்டுப் பார்த்தோ பயொப்ஸி எடுத்தோதான் தெரியும். அம்மாவின் கிளினிக் கொப்பியையும் மாத்திரைக் கார்டையும் எடுத்துக்கொண்டு, மருந்து எழுதுகிற அதே கிளினிக்குக்கு நாளைக்கே போய், திகதி முந்தி வந்த காரணத்தை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.