மூச்சிரைப்பும் அன்றாட வேலைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., உள்ளவர்களின் அன்றாடச் செயல்பாட்டை எப்படி மதிப்பிடுவது என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் இயன்முறை சிகிச்சையாளர் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரி சோதனையில் பாதிப்பு நடுத்தர அளவு என்றே வந்தது. ஆனால் குளித்துத் தலை துவட்டுவதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுகிறார். சோதனை தவறா?

சோதனை தவறில்லை, அது அளப்பது வேறொன்றை. மூச்சை முழுதாக இழுத்து வேகமாக ஊதும்போது முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை வைத்து, மூச்சுக்குழாய்களின் அடைப்பை அது காட்டுகிறது. அந்த எண் ஒன்றாகவே இருக்கும் இருவரில் ஒருவர் கடைவீதி வரை நடந்து வருவதும், மற்றவர் சட்டை மாற்றவே திணறுவதும் உண்டு.

தலை துவட்டும்போது இரு கைகளும் தோளுக்கு மேலே போகின்றன. இந்நோயில் நெஞ்சுக்குள் காற்று தேங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகிவிடுவதால், கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் மூச்சிழுக்கத் துணை நிற்கின்றன; கைகளை உயர்த்தியதும் அதே தசைகள் கைகளையும் தாங்க வேண்டியிருப்பதால் மூச்சிரைப்பு சட்டென்று கூடுகிறது. குனிந்து கால் தேய்க்கும்போது வயிறு அழுந்தி உதரவிதானத்தின் அசைவு மேலும் குறைகிறது. நடமாட்டம் குறைந்து தொடைத் தசைகளும் மெலிந்திருந்தால், தாழ்வான மணையிலிருந்து எழுவதே பெரும் உழைப்பாகிவிடும். ஆகவே, “குளிக்க முடிகிறதா” என்று மட்டும் கேட்காமல், குளியலின் எந்தக் கட்டத்தில் நிற்கிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார், மூச்சு அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பதும், துவட்டுவதற்குப் பதிலாகப் பெரிய துண்டைப் போர்த்திக்கொள்வதும் உடனடியாக உதவும்.

கேள்வி: பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த அம்மாவுக்கு இந்த நோய். “எனக்கு மூச்சே வாங்கவில்லை” என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கவைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டவருக்கு மூச்சு வாங்காது. மூச்சிரைப்பை மதிப்பிட மருத்துவமனைகளில் பயன்படும் எம்.எம்.ஆர்.சி. அளவுகோலில் 0 முதல் 4 வரை படிகள் உள்ளன: கடும் உழைப்பில் மட்டும் இரைத்தால் 0, சமதரையில் சுமார் 100 மீட்டர் நடந்ததும் நிற்க நேர்ந்தால் 3, உடை மாற்றும்போதே இரைத்தால் 4. மாடிக்கும் கடைக்கும் போவதையே நிறுத்திவிட்டவர், இதில் தம் நிலையைவிடக் குறைந்த படியைச் சொல்லிவிடக்கூடும். ஆகவே, “போன பொங்கலுக்கு நீங்களே செய்து, இப்போது பிறரிடம் விட்டுவிட்ட வேலை எது?” என்று கேளுங்கள். துணி உலர்த்துவது, குடம் தூக்குவது, கோலமிடுவது என்று பதில் வரும். அந்தப் பட்டியலே சரியான மதிப்பீடு.

15 வேலைகளைப் பற்றிக் கேட்கும் லண்டன் மார்பு அன்றாடச் செயல்பாட்டு அளவுகோல் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. பிறர் உதவி தேவைப்பட்டால் 5. ஆனால் “எப்படியும் நான் இதைச் செய்ய மாட்டேன்” என்பதற்கு 0 என்பதால், அடுப்பங்கரைக்கே போகாத ஆணுக்கு மொத்த மதிப்பெண் குறைவாக வந்து, நோய் லேசானது போலத் தோன்றிவிடும். நம் குடும்பங்களில் இதை அவசியம் கவனிக்க வேண்டும். மொத்தத்தைவிட ஒவ்வொரு வேலையின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஆறு நிமிட நடைச் சோதனையில் நன்றாக நடந்தேன். வீட்டு வேலையில் மட்டும் ஏன் திணறுகிறேன்?

அச்சோதனை சமதரையில் நடப்பதை மட்டுமே அளக்கிறது. கைகளை உயர்த்துவதும் குனிவதும் சுமப்பதும் அதில் இல்லை. இந்தக் குறையை ஈடுசெய்யவே நார்வேயில் கிளிட்ரே சோதனை உருவாக்கப்பட்டது. அதில் முதுகுப் பையோடு (பெண்களுக்கு 2.5 கிலோ, ஆண்களுக்கு 5 கிலோ) நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து, சிறு படிகளில் ஏறி இறங்கி, அலமாரித் தட்டுகளிலும் தரையிலும் எடைப் பெட்டிகளை மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும்; ஐந்து சுற்றுக்கு ஆகும் நேரமே அளவு. தரையில் அமர்ந்து எழும் நம் பழக்கம் அதிலும் இல்லை. அதனால் உங்களைத் திணறவைக்கும் வேலையைச் சிகிச்சையாளர் முன்னிலையில் அப்படியே செய்து காட்டுவதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: காசநோய் குணமான பிறகும் இரைப்பு இருப்பவர்களுக்கு இவை பொருந்துமா?

எம்.எம்.ஆர்.சி. அளவுகோலும் நடைச் சோதனையும் பொருந்தும். புதிதாகக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் ஆகியவை தோன்றினால் முதலில் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே நாங்கள் அளந்து பார்க்கலாமா?

நடைச் சோதனையை வீட்டில் துணையின்றிச் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக, நோயாளியே தமக்கு முக்கியம் என்று சொல்லும் இரண்டு மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு வாசல் கூட்டுவது முக்கியமாக இருக்கலாம். மகனுக்கு அது முக்கியமாகத் தோன்றாமல் இருக்கலாம். தேர்வு அவருடையதாகவே இருக்கட்டும். வேலைக்கு ஆன நேரத்தையும், 0 முதல் 10 வரை இரைப்பின் அளவாக அவர் சொல்லும் எண்ணையும், வேலைக்கு முன்னும் பின்னும் பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) காட்டும் அளவையும் எழுதி வையுங்கள். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் ஆகியவை அக்கருவியின் அளவைப் பிறழச் செய்யலாம். ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் கடுமையாக இரைப்பதுண்டு; ஆகவே கருவியின் எண்ணைக் காட்டி “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தாலோ உடனே வேலையை நிறுத்தி உட்காரவைத்து, மருத்துவ உதவி பெறுங்கள். நோய் திடீரென்று தீவிரமாகித் தணிந்த முதல் சில வாரங்களில் எடுத்த குறிப்புகளை அவருடைய வழக்கமான நிலையாகக் கொள்ள வேண்டாம். உடல் தேறிய பின் மீண்டும் எழுதுங்கள்.