ஆஸ்திரேலிய வீட்டுக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய ஆவணப்படங்கள் பார்க்கத் தகுந்தவையா? பழைய சாதனங்கள் மீது நமக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்?

பார்க்கத் தகுந்தவைதான். சொல்வதில் பாதியை மட்டும் நம்புங்கள். ஏன் என்று விளக்க என் வீட்டுக் கொல்லையிலிருந்து தொடங்க வேண்டும்.

2009-இல் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் தலைநகரான அடிலெய்டுக்கு வந்தோம். வாடகைக்குக் கிடைத்தது 1960-களில் கட்டிய ஒரு செங்கல் வீடு. பின்பக்கம் புல்தரை, ஒரு எலுமிச்சை மரம், நடுவில் இரும்புக் கம்பம். கம்பத்தின் உச்சியில் நான்கு கைகள்; அவற்றுக்கு இடையே சதுரத்துக்குள் சதுரமாகக் கம்பிகள். இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுழற்றினால் கம்பிகள் அத்தனையும் துணிகளோடு மேலே ஏறும். காற்று அடித்தால் மொத்தமும் ராட்டினம் போலச் சுற்றும். மதுரையிலிருந்து வந்த அம்மா முதல் நாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இது, துணி போன குடையை நட்டு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

ஒரே வாரத்தில் அது அவருடைய ராஜ்யமாகிவிட்டது. கூடையைக் கீழே வைத்து, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, கம்பியைத் தன் பக்கம் இழுத்து இழுத்துத் துணி காயப்போடக் கற்றுக்கொண்டார். புடவைதான் அடங்கவில்லை. ஆறு கெஜத்தையும் நீளவாக்கில் போட்டால் பிற்பகல் காற்றில் அது கம்பத்தைச் சுற்றி இறுகிக்கொள்ளும். அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். நான்காக மடித்து வெளிக்கம்பியில் போட்டு, அரை சாணுக்கு ஒரு கிளிப் மாட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது.

அந்தக் குடையின் பெயர் ஹில்ஸ் ஹாய்ஸ்ட். நகலெடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்பது போல, இந்த நாட்டில் சுழலும் துணிக்கொடி எதுவானாலும் ஹில்ஸ் ஹாய்ஸ்ட்தான். தொலைக்காட்சி சொல்லும் கதை இது. 1945-இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்ற மோட்டார் மெக்கானிக் இருந்தார். நீளக் கயிறும் அதைத் தூக்கி நிறுத்தும் முட்டுக்கொம்பும் போதவில்லை என்று மனைவி அலுத்துக்கொண்டார். ஹில் பழைய இரும்புக் குழாய்களை வெட்டி, ஒட்டவைத்து, வீட்டிலேயே ஒன்றைச் செய்தார். அக்கம்பக்கத்தார் தங்களுக்கும் கேட்டார்கள். மைத்துனர் ஹரால்ட் லிங் வியாபாரத்தைக் கவனிக்க வந்து சேர்ந்தார். பிறகு ஊரெல்லாம் ஹாய்ஸ்ட்.

இதில் பொய் எதுவும் இல்லை. விடுபட்டதுதான் அதிகம். விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் ஊரில் கில்பர்ட் டாய்ன் என்றொரு கொல்லர் இருந்தார். சுழலும் துணிக்கொடிக்கு அவர் முதல் காப்புரிமை வாங்கியது 1911-இல். ஹில் தன் குழாயை வெட்டுவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு! 1926-இல் டாய்ன் காப்புரிமை பெற்ற வடிவம் முழுக்க உலோகத்தால் ஆனது. கைப்பிடியைச் சுற்றினால் சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைத் திருப்பி மேலே ஏற்றும் அமைப்பும், அதை மூடி மறைக்கும் உறையும் அதிலேயே உண்டு. அம்மா தினமும் சுழற்றிய கைப்பிடியின் மூளை டாய்னுடையது, பெயர் ஹில்லுடையது.

ஹில்லைக் குறைசொல்லவில்லை. போருக்குப் பிறகு நகரங்களின் ஓரத்தில் கொல்லையும் தோட்டமுமாகப் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில், வாங்கக்கூடிய விலையில், சலிக்காமல் செய்து கொடுத்தது அவரும் மைத்துனரும்தான். அதுவும் ஒரு திறமை. ஆனால் அதைப் படமெடுத்தால் சுவாரசியமாக இருக்காது. கொட்டகை, மனைவியின் அலுப்பு, பழைய இரும்பு, ஒரு மனிதன் என்றால் நாற்பது நிமிடத்துக்குள் அடக்கிவிடலாம்.

புல்வெட்டியின் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். 1952, சிட்னியின் கான்கார்ட் பகுதி. மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒரு சிறிய இஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கீழே சுழலும் தட்டில் கத்திகளைப் பொருத்தினார். பெட்ரோல் டேங்க்குக்கு என்ன செய்வது? பீச் பழம் அடைத்து வந்த காலி டின் கையில் அகப்பட்டது. அந்த டின்னை விட்டுவிட்டு, விக்டா என்று பெயர்பெற்ற அந்தப் புல்வெட்டியைப் பற்றி யாரும் படமெடுக்க முடியாது. கேமரா அதைச் சுற்றிச் சுற்றி வரும். எனக்கும் அந்த டின் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் டின்னில் விளக்கும் பால்பவுடர் டின்னில் உண்டியலும் செய்த வீட்டில் வளர்ந்தவனுக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

டின்னுக்குப் பின்னால் நிற்பவர் லாரன்ஸ் ஹால். 1948-லேயே இஞ்சினில் சுழலும் கத்திகளை வைத்து அவர் ஒரு புல்வெட்டி செய்திருந்தார். கனமான வண்டி; ஒருவர் தள்ள வேண்டும், இன்னொருவர் முன்னால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதை ரிச்சர்ட்சன் பார்த்திருக்கிறார். அவர் செய்தது அதன் எடையைக் குறைத்து ஒரே ஆள் தள்ளும்படி மாற்றியது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. முதலில் தோன்றும் யோசனைக்கும் சனிக்கிழமை காலையில் ஒருவன் தனியாகத் தள்ளிக்கொண்டு போகும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் பார்த்த எந்தப் படமும் சரியாகக் காட்டவில்லை. விக்டா என்ற பெயர் ரிச்சர்ட்சனின் நடுப்பெயரிலிருந்து வந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு படையே மைதானத்துக்குள் வந்தது. ஹாலின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று நாம் சொல்லும் பவர் போர்டும் இந்த ஊர்ச் சரக்குதான். 1972-இல் கேம்புரூக் நிறுவனத்தில் உருவானது. கதைகளில் வருவது முதலாளி ஃபிராங்க் பேனிகன். அவருக்குக் கீழே வேலைசெய்து அதை வடிவமைத்த பொறியாளர் பீட்டர் டால்பட். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார்கள். மற்ற நிறுவனங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன.

வைன் பெட்டியின் கதை எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். இத்தனைக்கும் நான் குடிப்பவன் அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றங்கரை ஊர் ரென்மார்க். அங்கே வைன் தயாரித்துவந்த தாமஸ் ஆங்கோவ், அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் வைன் என்ற ஏற்பாட்டுக்கு 1965-இல் காப்புரிமை பெற்றார். ஊற்ற ஊற்றப் பை சுருங்கிக்கொண்டே வரும்; காற்று உள்ளே புகாது; வைன் புளிக்காது. அழகான யோசனை. ஆனால் குழாய் கிடையாது. பையின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஊற்றிவிட்டு, மடித்து, கிளிப் மாட்டி, திரும்பப் பெட்டிக்குள் திணிக்க வேண்டும். பால் பாக்கெட்டை வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் நமக்கு அந்தச் சிரமம் சொல்லாமலே புரியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் குழாயைப் பையோடு சேர்க்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 1967-இல் அதைச் செய்தவர் சார்லஸ் மால்பஸ். பென்ஃபோல்ட்ஸ் என்ற வைன் நிறுவனத்துக்காகச் செய்தார். அவரும் ஜீலாங்காரர். அந்த ஊரில் என்ன தண்ணீர் குடிக்கிறார்களோ தெரியவில்லை.

பக்கத்து வீட்டு இளைஞர்களின் விருந்து ஒன்றில் ஹில்ஸ் ஹாய்ஸ்டும் வைன் பையும் சந்தித்துக்கொண்டதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டு, வெள்ளி நிறப் பையை ஹாய்ஸ்ட் கம்பியில் கிளிப்பால் தொங்கவிடுகிறார்கள். சுற்றி நின்றுகொண்டு சுழற்றுகிறார்கள். யார் முன்னால் பை வந்து நிற்கிறதோ அவர் குடிக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டு பெருமைகளை இதைவிடச் சிக்கனமாக யாரும் கௌரவித்திருக்க முடியாது.

நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியின் தொலைக்காட்சியில் 1970 முதல் 1982 வரை 'தி இன்வென்டர்ஸ்' ஓடியது. அது என் காலத்துக்கு முந்தியது. துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். அதன் வாரிசான 'தி நியூ இன்வென்டர்ஸ்' 2004 முதல் 2011 வரை வந்தது, ஜேம்ஸ் ஓலாக்லின் நடத்தினார். நாங்கள் வந்த புதிதில் புதன்கிழமை இரவுச் சாப்பாடு அதன் முன்னால்தான். செய்தவரே பொருளோடு வந்து நின்று அதை இயக்கிக் காட்டுவார். நடுவர்கள் குடைந்து கேட்பார்கள். ஆவணப்படங்களைவிட இது எனக்கு நேர்மையாகப் பட்டது. ஜெயித்த பிறகு எழுதும் கதை ஒன்று. ஜெயிப்போமா என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டு நிற்கும் ஆள் வேறு.

இனி ஏக்கம். எங்கள் ஹாய்ஸ்டின் கைப்பிடி ஒரு குளிர்காலத்தில் இறுகிப்போனது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர், எண்பதை நெருங்கியவர், கிரீஸ் டப்பாவோடு வந்தார். உறையைக் கழற்றினார். உள்ளே இரண்டே பற்சக்கரங்கள், கருத்துப்போன பழைய கிரீஸ், அதில் ஒட்டிச் செத்துப்போன ஒரு சிலந்தி. துணியால் துடைத்து, புது கிரீஸை விரலால் பற்களுக்கு இடையே அப்பி, மூடினார். கால் மணி நேரம். ஆறு வயது மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, எதைச் சுற்றினால் எது சுற்றும் என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

அதே ஆண்டு எங்கள் வாஷிங் மெஷின் நின்றது. வந்த மெக்கானிக் அதைத் திறக்கவே இல்லை. திரையில் வந்த பிழை எண்ணைப் பார்த்தார், போர்டு போய்விட்டது என்றார், புது போர்டின் விலையைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது மெஷினே வந்துவிடும். உள்ளே என்ன கெட்டது என்று நான் கேட்டேன். அது அவருக்கும் தெரியாது.

என் ஏக்கம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய காலத்தின் மீது எனக்கு மோகம் இல்லை. அந்தக் கால இரண்டு ஸ்ட்ரோக் புல்வெட்டி சனிக்கிழமை ஏழு மணிக்கே தெருவை எழுப்பி, புகையால் நிரப்பும். அது போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. கழிவறையில் இரண்டு பொத்தான் வைத்த தொட்டியை ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது, புரூஸ் தாம்ப்சன் வடிவமைத்தது. முழுதாக அழுத்தினால் 11 லிட்டர், பாதிக்கு 5.5 லிட்டர். அதற்கு முந்தைய ஒற்றைச் சங்கிலித் தொட்டிக்காக ஏங்குகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. திறந்து பார்த்தால் புரிகிற பொருள் மேல்தான் எனக்கு ஆசை. ஆவணப்படங்கள் அந்த ஆசையைத் தடவிக்கொடுக்கின்றன. அதனால்தான் பாதிக் கதை என்று தெரிந்தும் உட்கார்ந்துவிடுகிறேன்.

எதில் தொடங்கலாம் என்றால், 2018-இல் ஏபிசியில் வந்த 'பேக் இன் டைம் ஃபார் டின்னர்'. அன்னபெல் கிராப் தொகுத்து வழங்கியது. ஒரு சிட்னிக் குடும்பத்தை 1950-களில் தொடங்கிப் பத்தாண்டு பத்தாண்டாக அந்தந்தக் காலத்துச் சமையலறையிலும் சாமான்களிலும் வாழவைக்கிறார்கள். கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு, பொருளோடு மல்லுக்கட்டுகிறவரைக் காட்டுவதால் இது மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. 1950-களின் பகுதியில் அந்த வீட்டு அம்மா அடுப்படியே கதி என்று கிடக்கிறார்.

அதை என் அம்மாவோடு பார்த்தேன். அந்த முறை மூன்று மாதம் தங்க வந்திருந்தார். திரையில் அந்தப் பெண் பாவம் என்று நான் ஏதோ சொல்ல, அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"திறந்தால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. அப்புறம் என்ன கஷ்டம் இவளுக்கு?" என்று சொல்லிவிட்டு, புடவையை எடுக்கக் கொல்லைக்குப் போய்விட்டார்.