இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த நாடுகளில் பிபிசி வானொலியைத் தடுக்க முடிந்ததா?

முழுமையாக முடியவில்லை. எல்லா நாடுகளையும் தொட்டால் பதில் நீளும் என்பதால், நான் சற்று விரிவாகப் படித்த நெதர்லாந்தை வைத்தே விளக்குகிறேன்.

1940 மே மாதம் அந்நாடு ஜெர்மானியர் வசமானதும், அரசி வில்ஹெல்மினாவும் அமைச்சர்களும் லண்டனுக்குச் சென்றுவிட்டனர். ஜூலை 4 அன்றே வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம் என ஆணை பிறந்தது. ஆனால் அதே மாதம் 28ஆம் தேதி, பிபிசி வழியாக நாள்தோறும் கால் மணி நேரம் ஒலிக்கவிருந்த 'ரேடியோ ஒரான்யே' தொடங்கியது. முதல் நாள் பேசியவர் அரசியே. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் எந்த நிலையத்தைத் திருப்புகிறார் என்று காவல் காக்க ஆள் போட முடியாதல்லவா? ஆகவே, அந்த ஒலிபரப்பு வரும் அதே அலைவரிசையில் பேரிரைச்சலை அனுப்பிப் பேச்சை அமுக்கும் வேலையை ஆக்கிரமிப்பு நிர்வாகம் கையிலெடுத்தது.

இதற்கு டச்சுக்காரர்கள் கண்ட மாற்றுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மரச்சட்டம் ஒன்றில் கம்பியைச் சுற்றி, வானொலியுடன் இணைத்து, இரைச்சல் குறையும் திசை வரும்வரை அதை மெல்லத் திருப்புவார்கள். ஜெர்மானியரை இழித்துச் சொல்லும் 'மோஃப்' என்ற சொல்லைச் சேர்த்து, இதற்கு 'மோஃபென்சேஃப்', அதாவது ஜெர்மானியரைச் சலித்தெடுக்கும் சல்லடை, என்று பெயர் வைத்தனர். என் தாத்தா செய்ததும் ஏறக்குறைய இதுவேதான்: இரவில் இலங்கை வானொலியின் மேல் வேறொரு நிலையம் ஏறி ஒலித்தால், அவர் முள்ளைத் தொடாமல் டிரான்சிஸ்டர் பெட்டியை மட்டும் மேசைமேல் கால் வட்டம் திருப்புவார், வேண்டாத குரல் அடங்கிவிடும்.

அலையைத் தடுக்க இயலாதபோது பெட்டியையே பறிப்பதுதான் மிச்சம். யூதர்களிடமிருந்து 1941இலேயே பறித்துவிட்டனர். மற்றவர்களிடம் அவ்வளவு காலம் விட்டுவைத்ததற்குக் காரணம், தங்கள் பிரசாரத்துக்கும் அதே பெட்டி தேவைப்பட்டதுதான் என்பது என் கணிப்பு. செக் நாட்டில் இந்தச் சிக்கலைச் சமாளிக்க, வானொலிகளிலிருந்து, தொலைதூர நிலையங்கள் வந்துசேரும் சிற்றலையை வாங்கும் பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு, வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் சிறையோ மரணமோ கிடைக்கும் என்று அச்சிட்ட அட்டையைத் திருகில் மாட்டச் செய்தனர். அங்குள்ளவர்கள் சிறு கம்பிச் சுருள் ஒன்றைச் செய்து கழற்றிய இடத்தில் செருகிக்கொண்டு, அதற்குச் சர்ச்சிலின் பெயரையே சூட்டினர்.

நெதர்லாந்தில் 1943 ஏப்ரல், மே மாதங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தபின், மே 13 அன்று எல்லோரும் வானொலியை ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. சுமார் 8 லட்சம் பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஆயினும் பலர் பரணில் கிடந்த பழைய, பழுதான பெட்டியைக் கொடுத்துவிட்டு நல்லதைத் தரைப்பலகைக்கு அடியில் மறைத்துக்கொண்டனர். 1944 இறுதியில் மின்சாரம் நின்றபோதும், மின்சாரமே தேவைப்படாத படிக வானொலியைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் இருந்தனர்.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி ஜெர்மானியருக்குப் பயந்து ஒளிந்திருந்த கட்டடத்திலும் பெரிய பிலிப்ஸ் வானொலி 1943 கோடையில் ஒப்படைக்கப்பட்டு, அதன் இடத்தைக் கள்ளத்தனமாக வைத்திருந்த சிறிய பெட்டியொன்று பிடித்தது. 1944 மார்ச் 28 அன்று, போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று அமைச்சர் போல்கஸ்டைன் லண்டனிலிருந்து பேசியது அங்கே கேட்டது. அதன் பிறகே அந்தச் சிறுமி தன் நாட்குறிப்பை நூலாக்கும் எண்ணத்தோடு திருத்தி எழுதத் தொடங்கினாள்.